நெருக்கடிக்கு ஒரு பத்துப் பவுன்



ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சர்க்கரையும் முழங்கால் வலியும்தான் பேச்சு. இப்போது தங்கம் விலையும் சேர்ந்துகொண்டது. நடைப்பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவர் செல்போனைப் பார்த்து அன்றைய பவுன் விலையைச் சொல்வார். இன்னொருவர் பெருமூச்சு விடுவார். பெங்களூரிலிருந்து என் மகனும் வாரம் தவறாமல் சொல்கிறான்: "அப்பா, விலை உச்சத்துல இருக்கு. அம்மா போடாத நகையெல்லாம் வித்து ஃபண்டுல போட்டுடுங்க."

அவன் கணக்கில் தப்பில்லை. ஆனால் வீட்டுத் தங்கம் எதற்காக இருக்கிறது என்பதில் எனக்கு வேறு எண்ணம். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தோம். நல்ல குவார்ட்டர்ஸ், கொல்லையில் மா, பலா. ஆனால் எதுவும் நம்முடையது இல்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்தாருக்கோ பாட்டன் காலத்து மண்ணே கையை விட்டுப் போனது. ஆக, இந்த ஊரில் மனிதரோடு கூடவே நகரும் சொத்து என்றால் பெண்களின் கழுத்திலும் கையிலும் இருந்ததுதான்.

என் மனைவி கொண்டுவந்த நகையில் நாலு வளையல்கள் பல தடவை வங்கிக்குப் போய்த் திரும்பியவை. 1986ல் என் அப்பாவுக்கு அவசரமாக ஆபரேஷன். மாதக் கடைசி. யாரிடம் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். உரசிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், மதியத்துக்குள் பணம் கையில். ஜாமீன் கையெழுத்து கிடையாது, உறவுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. போனஸ் வந்ததும் மீட்டோம்.

ஐந்து வருடம் கழித்து நாடே அதைத்தான் செய்தது. வளைகுடாப் போரால் பெட்ரோல் விலை ஏறி, 1991ல் அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தேறும் என்ற நிலை. மே மாதம் 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு ஒரு சுவிஸ் வங்கிக்குக் கொடுத்தார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்து சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கியது. மெயின் பஜார் டீக்கடையில் அன்று பேச்செல்லாம் மானம் போயிற்று என்பதுதான். என் மனைவி மட்டும், "இதுக்குத்தானே வச்சிருக்கறது?" என்றாள். சில மாதங்களில் கடன் அடைந்தது. 2009ல் அதே ரிசர்வ் வங்கி, சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு வாங்கியது. கஷ்டத்தில் அடகு வைத்த குடும்பம் நிமிர்ந்ததும் நகை சேர்ப்பது போலத்தான்.

வங்கியில் போட்ட பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய பாக்கி. பத்திரம் என்பது அதை எழுதிக் கொடுத்தவனின் வாக்கு. பெட்டியில் இருக்கும் வளையல் யாரையும் நம்பி இல்லை. இந்த வித்தியாசம் நல்ல காலத்தில் கண்ணுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் தெரிந்தது. பணிக்கொடையும் பி.எஃப். பணமும் வாங்கி வந்தவர்களை அதிக வட்டி காட்டி இழுத்த நிதி நிறுவனங்கள் நினைவிருக்கும். தமிழ்நாடெங்கும் அவை வரிசையாகக் கவிழ்ந்த பிறகு, 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. எங்கள் தெருவில் ஒரு நண்பர் வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியை அப்படித் தொலைத்தார். அடுத்த தையில் மகள் கல்யாணம். அவர் வீட்டு அம்மாவின் பன்னிரண்டு பவுன்தான் அந்தக் கல்யாணத்தை நடத்தியது.

அடுத்தது 2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரே காலையில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் சம்பந்தி வீட்டுத் தோப்பில் மரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பல நாள் மின்சாரம் இல்லை. முந்திரிக் கன்று நட்டால் நல்ல காய்ப்புக்கு நாலைந்து வருடம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க உதவியது சம்பந்தியம்மாவின் காசுமாலை. வங்கியில் வைத்து, வட்டி கட்டி, இரண்டு தடவை மாற்றி வைத்து, கடைசியில் மூழ்காமல் மீட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் தங்கம் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று நினைத்துவிட வேண்டாம். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999ல் சுமார் 250 டாலர். பழைய விலைக்குத் திரும்ப 2008 ஆயிற்று. நமக்கு அந்தச் சரிவு தெரியாததற்குக் காரணம், அதே காலத்தில் டாலருக்கு எட்டு ரூபாயாக இருந்தது நாற்பத்து மூன்று ரூபாய் ஆனதுதான். தங்கம் ஏறியது என்று நாம் மகிழ்ந்ததில் பாதி, ரூபாய் இறங்கிய கதை.

2022ல் இலங்கையில் இரண்டு மாதத்துக்குள் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. பணமாக வைத்திருந்தவர்களின் சேமிப்பு கரைந்தது. பவுன் வைத்திருந்தவர்களுக்கு மதிப்பு நின்றது. ஆனாலும் கேஸ் சிலிண்டருக்கு அவர்களும் வரிசையில்தான் நின்றார்கள். கடையில் இல்லாத பொருளைத் தங்கத்தாலும் வாங்க முடியாது.

அரசாங்கத்தின் கையும் எட்டும். சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. எத்தனையோ பத்தர் குடும்பங்கள் பட்டறையை மூடின. அந்த விதி 1966ல் போனாலும், தங்கத்தைக் கட்டியாக வைத்திருக்கும் தடை 1990 வரை நீடித்தது. நம் தலைமுறை நகையாகவே சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திருட்டுப் பயமும் உண்டு. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் தங்கம் வைப்பது உயிருக்கே ஆபத்து. லாக்கரிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். வங்கியின் கவனக்குறைவாலோ அதன் ஊழியர் மோசடியாலோ பொருள் போனாலும், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். ரசீதையும் நகையின் போட்டோவையும் தனியே வையுங்கள்.

மகனுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பதில் சொல்லியிருக்கிறோம். கல் வைத்த நெக்லஸ், ஒட்டியாணம் போன்றவற்றை விற்று அவன் சொன்னபடி போடுகிறோம். அவற்றில் செய்கூலியும் சேதாரமும் போக மிஞ்சுவது குறைவு என்பதைக் கடையில் எடை போட்டபோது மறுபடி பார்த்தோம். வெறும் வளையலும் சங்கிலியுமாகப் பத்துப் பவுன் மட்டும் அவள் பெயரில் லாக்கரில் இருக்கும். இன்றைய விலைக்கு அது எங்கள் இருவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதல் சில நாள் தாங்கும். அதைக் கல்யாணத்துக்கோ காருக்கோ அடகு வைப்பதில்லை என்றும் பேசிக்கொண்டோம். ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்கும் நகை ஆபத்துக்கு உதவாதே.

மகன், "ஏன் சரியாப் பத்து?" என்று கேட்டான். "எனக்கு முன்னாடி உங்கப்பா போயிட்டா, உனக்கு லீவு கிடைச்சு நீ வந்து சேர்றவரைக்கும் நான் யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுல்ல" என்றாள் அவன் அம்மா. அவன் அதற்குமேல் பேசவில்லை. நானும்தான்.

உங்கள் வீட்டில் எத்தனை பவுனை இப்படி ஒதுக்கியிருக்கிறீர்கள்? முக்கியமாக, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருவருக்கும் தெரியுமா? இன்று சாயங்காலம் ஒருமுறை பேசிப் பாருங்கள்.