இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே

பிரான்சின் ஷாத்தோரு நகரில், மேகஸின் மாற்றும் ஒரு நொடியைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் 2017-ல் கூடினார்கள். ஏழு ஆண்டு கழித்து அதே மைதானத்தில்தான் மனு பாக்கர் தனது டோக்கியோ கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஷாத்தோரு வந்துவிடும். ஆந்த்ர் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். மக்கள்தொகை அரை லட்சத்தை எட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ராவூல் என்ற பிரபு கட்டிய கோட்டையால் வந்த பெயர். நடிகர் ஜெரார் தெபார்தியூ 1948-ல் பிறந்தது இங்கேதான். மற்றபடி, பாரிஸ் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் இறங்குகிற ஊர் அல்ல இது.

நகரை ஒட்டினாற்போல் தெயோல். 917-ல் நிறுவப்பட்ட மடாலயத்தின் மணிக்கோபுரம் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டினால் லா மார்த்தினெரி எனப்படும் சமவெளி. 1951-ல் அமெரிக்க விமானப்படை இங்கே ஒரு பெரிய தளவாடக் கிடங்கை அமைத்தது. நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸ் விலகுவதாக ஜனாதிபதி டி கால் அறிவித்ததும் அமெரிக்கர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1967-ல் கடைசி ஆளும் போய்விட்டார். பிறகு பிரெஞ்சு ராணுவத்தின் போக்குவரத்துப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. 2012-ல் அதுவும் கலைக்கப்பட்டது. ராணுவம் போன இடத்துக்குத் துப்பாக்கிச் சத்தம் மறுபடி வந்தது, இந்த முறை விளையாட்டாக. பிரான்சின் தேசிய விளையாட்டுத் துப்பாக்கிச் சுடும் மையம் இப்போது இங்கேதான் இருக்கிறது.

2018-ல் முறைப்படி திறக்கப்படுவதற்கு முன்பே இந்த மைதானம் ஒரு உலகப் போட்டியைப் பார்த்துவிட்டது. 2017 ஆகஸ்ட் இறுதியில் ஐ.பி.எஸ்.சி. கைத்துப்பாக்கி உலக சாம்பியன்ஷிப்புக்காகப் பல நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான போட்டியாளர்கள் வந்திறங்கினார்கள். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் தொடங்கிய அமைப்பு இது. துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்று லத்தீன் சொற்களே அதன் முழக்கம். ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை. இந்தியாவில் பெரும்பாலானவர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

ஒலிம்பிக் சுடுநர் ஓரிடத்தில் நின்று ஒரு குறியைப் பார்த்துச் சுடுகிறார். இங்கே ஓட வேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின்னால், ஜன்னலுக்கு அப்பால், கதவிடுக்கில் என்று அட்டைக் குறிகள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வழக்கமாக இரண்டு தோட்டா. சுடுநரின் பக்கத்திலேயே நடுவர் ஒரு டைமரோடு நடக்கிறார். 'பீப்' என்றதும் ஓட்டம் தொடங்குகிறது. கடைசி வெடிச் சத்தத்தைக் கேட்டு அந்தக் கருவியே நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். அதுதான் மதிப்பெண்.

ஒரு நீளமான சுற்றில் 32 தோட்டா வரை சுட வேண்டியிருக்கும். ஆனால் 'புரொடக்‌ஷன்' என்ற பிரிவில், தொடக்க ஒலி கேட்கும்போது ஒரு மேகஸினில் 15 தோட்டாதான் இருக்கலாம். ஆகவே குறைந்தது இரண்டு முறை மேகஸின் மாற்றியே தீர வேண்டும். மாற்றுகிற நேரத்தில் புள்ளி எதுவும் வருவதில்லை. கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாக வருபவர் இந்த வேலைக்கு இரண்டரை, மூன்று நொடி எடுத்துக்கொள்வார். தேர்ந்தவர் நின்ற இடத்தில் ஒரு நொடியை ஒட்டி முடித்துவிடுகிறார். பார்க்கிறவர் கை வேகம் என்று நினைப்பார். உண்மையில் அது வீண் அசைவு இல்லாத கை.

வலது கைக்காரர் ஒருவர் செய்வதைப் பிரித்துப் பார்த்தால் புரியும். கடைசித் தோட்டா வெடித்த மறுகணம் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. வலது கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது, பழைய மேகஸின் தானாகக் கீழே விழுகிறது. அதே நேரத்தில் இடது கை இடுப்புப் பட்டையிலிருக்கும் அடுத்த மேகஸினுக்குப் போய்விடுகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று என்று செய்பவர் அங்கேயே அரை நொடியைத் தொலைக்கிறார். துப்பாக்கியும் இடுப்புக்கு இறங்குவதில்லை. முழங்கை சற்று மடங்க, முகத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. கைப்பிடியின் அடியிலுள்ள திறப்பு, வருகிற மேகஸினை எதிர்கொள்கிற மாதிரி லேசாகச் சாய்கிறது. துப்பாக்கியைத் தாழ்த்தினால் கண்ணும் தாழும். பிறகு இரண்டையும் மேலே கொண்டுவர வேண்டும்.

இடது கை மேகஸினைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆள்காட்டி விரல் அதன் முன்பக்கம் நெடுக நீண்டு, நுனி முதல் தோட்டாவின் மூக்கைத் தொடுகிறது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டக் கண் தேவையில்லை. சுட்டுவிரல் போகிற இடத்துக்கு மேகஸினும் போகிறது. கண் பார்க்க வேண்டியது மேகஸினை அல்ல, திறப்பை. ஊசியில் நூல் கோக்கிறவர் நூலைப் பார்ப்பதில்லை, ஊசிக் காதையே பார்க்கிறார் அல்லவா, அதைப்போல. மேகஸினின் விளிம்பு திறப்பில் பட்டதும் கண் அடுத்த குறிக்குப் போய்விடலாம். உள்ளங்கையின் அடிப்பாகம் மேகஸினை உள்ளே தள்ளிவிட்டு, அப்படியே மேலேறித் துப்பாக்கியைப் பழையபடி பற்றுகிறது. பலர் பயிற்சி செய்ய மறப்பது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். மேகஸின் சீக்கிரம் ஏறிவிட்டது, ஆனால் பிடி சரியில்லை என்றால் அடுத்த தோட்டா குறியை விட்டு விலகும்.

இத்தனையும் தோட்டா இல்லாமல்தான் கற்கப்படுகிறது. துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை சரிபார்த்து, உண்மையான தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று செய்கிற பயிற்சி. முதலில் அசைவைத் துண்டு துண்டாக்குகிறார்கள். இடுப்பிலிருந்து மேகஸினை எடுத்துத் திறப்பின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துவது, அவ்வளவுதான். ஐம்பது முறை. பிறகு உள்ளே தள்ளிப் பிடியைச் சேர்ப்பது மட்டும். அதன் பிறகே முழுவதும். டைமரில் இரண்டு நொடி வைத்து, பத்துக்கு ஒன்பது முறை சரியாக வந்தால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறார்கள். மறுபடி ஐம்பது முறை. தினம் பத்து நிமிடம் செய்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் செய்பவரை முந்திவிடுவார்.

மேகஸினுக்கும் பராமரிப்பு உண்டு. அது மண்ணில் விழுகிறது, சேற்றில் விழுகிறது, ஓடுகிறவர் காலே அதன்மேல் படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பிரஷ் போட்டுத் துடைக்காவிட்டால் உள்ளே தோட்டா சிக்கிக்கொள்ளும். அதனால் மேகஸின்களுக்கு எண் போட்டு வைக்கிறார்கள். தகராறு செய்த எண்ணைப் போட்டிக்குக் கொண்டுவருவதில்லை.

இன்னும் கெட்டிக்காரர்கள் மாற்றும் நேரத்தையே மறைத்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று ஒன்பது தோட்டாவுக்கு மேல் சுட வேண்டியிராதபடி சுற்றுகளை அமைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இடம் மாறி ஓடுவது எப்படியும் உண்டு. எட்டுத் தோட்டா சுட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்கு ஓடும்போது, மிச்சம் ஏழு இருக்கிறதே என்று யோசிக்காமல் அந்த மேகஸினைக் கீழே விட்டுவிடுகிறார்கள். ஓடுகிற இரண்டு, மூன்று நொடிக்குள் புதியது ஏறிவிடுகிறது. 32 தோட்டாவுக்கு இரண்டு முறை மாற்றினால் போதும் என்ற இடத்தில் மூன்று முறை மாற்றுகிறார்கள். ஆனாலும் நேரம் மிச்சம், ஏனென்றால் கால் ஓடும்போதே கை வேலையை முடித்துவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நொடியின் மதிப்பு என்ன? 32 தோட்டாவும் நடு வட்டாரத்தில் பட்டால், தலைக்கு ஐந்தாக 160 புள்ளி. 20 நொடியில் முடித்தவருக்கு மதிப்பெண் 8. இரண்டு மாற்றலிலும் ஒவ்வொரு நொடி குறைத்து 18 நொடியில் முடித்தவருக்கு 8.89. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த அவசரத்தில் ஒரே ஒரு தோட்டா குறி தவறியது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஐந்து புள்ளி போகிறது, தண்டனையாக இன்னும் பத்து போகிறது. 145-ஐ 18-ஆல் வகுத்தால் 8.06. பல மாதப் பயிற்சியின் லாபத்தை ஒரு தோட்டா விழுங்கிவிட்டது. இரண்டு தவறினால் மெதுவாகச் சுட்டவரே முந்திவிடுவார்.

விதிகள் இன்னும் கறாரானவை. மேகஸின் மாற்றும்போது விரல் விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். உள்ளே இருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். வெடிக்காவிட்டாலும், யாருக்கும் ஆபத்து நேராவிட்டாலும் அன்றைக்கு அவர் வெறும் பார்வையாளர்தான். துப்பாக்கி முனை அனுமதித்த கோணத்தைத் தாண்டித் திரும்பினாலும் இதே கதி. கையில் துப்பாக்கியோடு ஓடுகிற விளையாட்டு உயிரோடு இருப்பது இந்தக் கண்டிப்பால்தான். இதில் 1999 முதல் பலமுறை உலகப் பட்டம் வென்ற எரிக் க்ரோஃபெல் பிரான்சுக்காரர். பிரிட்டானியின் கெம்பேர் நகரைச் சேர்ந்தவர்.

2024 ஜூலையில் இதே மையத்துக்கு ஒலிம்பிக் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. சுடுநர்கள் தங்குவதற்கென்றே ஷாத்தோருவில் தனி ஒலிம்பிக் கிராமம் அமைந்தது. ஓட்டமில்லை, மண்ணில் விழும் மேகஸின் இல்லை. ஆனால் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவிலான அந்த இடைவெளி இங்கும் இருந்தது. அதன் அருமை ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு 22 வயதுப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு குண்டுக்கும் மறுபடி நிரப்ப வேண்டும். நெம்புகோலைத் திறந்து, குண்டை வைத்து, மூட வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் இப்படி 60 முறை. 2021 ஜூலை 25-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் துப்பாக்கியில் அந்த நெம்புகோல்தான் உடைந்தது. சுடத் தெரிந்த கை இருந்தும் நிரப்ப முடியவில்லை. பழுது பார்க்கப் போன நேரத்தில் கால் மணியும் அதற்கு மேலும் கரைந்தது. கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. திரும்பி வந்து மிச்சக் குண்டுகளை நெருக்கடியில் சுட்டு 575 புள்ளியோடு 12-வது இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு.

மூன்று ஆண்டு கழித்து, 2024 ஜூலை 28-ல் ஷாத்தோருவில் அதே பிரிவின் இறுதிச் சுற்று. திற, வை, மூடு, மூச்சு விடு, உயர்த்து. ஒவ்வொரு குண்டுக்கும் இதே வரிசை, இதே நிதானம். 221.7 புள்ளியோடு வெண்கலம். வெள்ளிக்கான போட்டியில் தொடர வெறும் 0.1 புள்ளி போதவில்லை. துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவில் தென் கொரியாவை 16-10 என்று வென்று இன்னொரு வெண்கலம். ஆகஸ்ட் 1-ல் ஸ்வப்னில் குசாலே ரைஃபிளில் மூன்றாவதைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 3-ல் 25 மீட்டர் பிஸ்டலில் மனுவுக்கு நான்காம் இடம்தான். மூன்றாவது பதக்கம் மயிரிழையில் போனது.

பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒவ்வொரு பதக்கத்திலும் ஈஃபில் கோபுரத்தின் பழைய இரும்பிலிருந்து 18 கிராம் பதித்திருந்தார்கள். அந்தக் கோபுரத்திலிருந்து இரண்டு மணி ரயில் தூரத்தில், அமெரிக்கர்கள் ஒருகாலத்தில் தளவாடம் அடுக்கிய சமவெளியில், அப்படி மூன்று துண்டு இரும்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. டோக்கியோவில் ஒரு நெம்புகோல் பறித்ததை மனு பாக்கர் இங்கே வாங்கிக்கொண்டு போனார். 2017-ல் மண்ணிலிருந்து மேகஸின்களைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஆயிரம் பேரில் எவருக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்காது.