ரெண்டு சரிவும் ஒரு பி.காம். பொண்ணும்

மக்களே, "பி.காம். படிக்கிற உனக்கு எதுக்கு சிவில் இன்ஜினியரிங்?"னு கேட்கப் போறீங்க. செமஸ்டர் லீவுல சும்மாதானே இருக்கேன்னு அண்ணன் பிடிச்சு உட்கார வச்சு, அவன் ஆபீஸ் கணக்கை எக்செல்ல தட்டுற ஆணியைக் கொடுத்தான். அங்கதான் வினை.

மறுநாள் காலையில ஒரு குடோன் சைட்டுக்கு அவன் மண் அளவு கொடுக்கணும். மண் கொட்டி பக்கத்து பக்கத்துல ரெண்டு மேடு எழுப்பணும். ஒண்ணு தரையில இருந்து 3 மீட்டர், இன்னொண்ணு 2 மீட்டர். ஓரத்தைச் சுவர் மாதிரி செங்குத்தா விட்டா மழையில சரிஞ்சிடும். அதனால 2:1 சரிவு. அதாவது 1 மீட்டர் இறங்க 2 மீட்டர் வெளிய தள்ளிப் போகணும். பெரிய மேட்டுக்கு 6 மீட்டர், சின்னதுக்கு 4 மீட்டர் ஓரம் வேணும். ஆனா நடுவுல இருந்த இடைவெளி 7 மீட்டர்தான்!

ஆட்டோடெஸ்க் சிவில் த்ரீடியில ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியா வரைஞ்சு, சரிவு விட்டு, ரெண்டு மண் அளவையும் கூட்டிக் கொடுத்திருந்தான். டைப் பண்ணிட்டே கேட்டேன்: "அண்ணா, 6ம் 4ம் 10 ஆச்சே, 7க்குள்ள எப்படி அடங்கும்? நடுவுல இருக்கிற மண்ணை ரெண்டு தடவை எண்ணிட்டியா?" (ஒரே வவுச்சரை ரெண்டு தடவை போஸ்டிங் போட்டுத் திட்டு வாங்கின அனுபவம், ஹி ஹி.)

அவனுக்குச் சுர்ருனு வந்துடுச்சு. "உனக்கு பேலன்ஸ் ஷீட் தெரியும், மண்ணு தெரியுமா? போய்த் தூங்கு."

தூங்கலை. பேப்பர்ல வரைஞ்சேன். ரெண்டு சரிவும் முட்டிக்கிற இடம் பெரிய மேட்டு விளிம்புல இருந்து 4.5 மீட்டர் தள்ளி, தரைக்கு மேல 0.75 மீட்டர் உயரத்துல. அதுக்குக் கீழ இருக்கிற முக்கோணம்தான் ரெண்டு பக்கமும் எண்ணினது. அகலம் 3, உயரம் 0.75, பரப்பு 1.125 சதுர மீட்டர். மேடுகள் எதிரெதிரா நிக்கிற நீளம் 80 மீட்டர். ஆக 90 கன மீட்டர்! நம்மூர்ல 100 கன அடி ஒரு யூனிட். கிட்டத்தட்ட 32 யூனிட் இல்லாத மண்ணு.

அண்ணன் பேப்பரை ரெண்டு நிமிஷம் பார்த்தான். எதுவும் பேசாம லேப்டாப்பைத் திறந்தான்.

முதல்ல ரெண்டு பரப்பையும் ஒண்ணா பேஸ்ட் பண்ணிப் பார்த்தான். கடைசியா ஒட்டினதுதான் ஜெயிக்குமாம். சின்ன மேட்டைக் கடைசியா ஒட்டினா, பெரிய மேட்டுச் சரிவு 1.5 மீட்டர் உயரத்துல இருந்து தடால்னு தரைக்கு விழுது. மாத்தி ஒட்டினா அந்தப் பக்கம் அதே கதை. எது உயரம்னு சாஃப்ட்வேர் பார்க்கலை, எது லேட்டஸ்ட்னுதான் பார்க்குது.

அப்புறம் ஒண்ணு பண்ணான் பாருங்க. ஒரு பரப்புல இருந்து இன்னொண்ணைக் கழிச்சு வித்தியாசத்தையே தனிப் பரப்பா ஆக்கி, அதுல 0 வர்ற கோட்டை மட்டும் வெளிய எடுத்தான். ரெண்டு சரிவும் ஒரே உயரத்துல இருக்கிற இடம் அதுதானே! "அண்ணா, இது எங்க பிரேக் ஈவன் பாயிண்ட்!"னு கத்திட்டேன். விற்பனைக் கோடும் செலவுக் கோடும் வெட்டிக்கிற இடம், லாபம் 0. அந்தக் கோட்டோட ரெண்டு சரிவையும் வெட்டி நிறுத்தினான். மழைத் தண்ணி அங்கதான் சேரும்னு ஒரு வடிகாலும் குறிச்சான்.

ராத்திரி 1 மணிக்குப் புது அளவு வந்துச்சு, கிட்டத்தட்ட 90 குறைஞ்சு. "ட்ரீட் எப்போ?"னு கேட்டேன். பதில் இல்லை. போன மாசம் முடிச்ச இன்னொரு சைட்டோட ஃபைலைத் திறந்து பார்த்துட்டு இருந்தான். அதுலயும் பக்கத்து பக்கத்துல ரெண்டு மேடு. பில் போய், பணமும் வந்தாச்சு.