சாவியும் சட்டமும்

சென்ற வைகாசியில் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம். விருந்து முடிந்ததும் என் சிற்றப்பாவின் பிள்ளை மோட்டார் சைக்கிளில் செஞ்சிக்குப் புறப்பட்டான். அவன் வாயிலிருந்து வந்தது தாம்பூல வாசனை அல்ல.

"இரண்டு கிளாஸ்தான் அண்ணா! நிதானமாகவே இருக்கிறேன்" என்றான்.

நான் சட்டத்தை எடுத்து விளம்பினேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவு: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவை இரண்டு வருஷம் வரை. அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனாலோ, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை.

"இந்த அர்த்தராத்திரியில் எந்தப் போலீஸ் நிற்கப் போகிறது?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. இருபது வருஷங்களுக்கு முன் என் சிநேகிதன் ஒருவனும் அப்படித்தான் சிரித்தான். சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு கூலிக்காரர் வீடு திரும்பவில்லை. சிநேகிதனுக்குத் தண்டனை கிடைத்தது. என்மேல் எந்தப் பிரிவும் பாயவில்லை. பாய்ந்திருந்தால் ஒருவேளை நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இந்தத் தடவை சாவியை மடியில் முடிந்துகொண்டேன். தம்பி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாமலிருப்பதற்காவது அவன் இருக்கிறானே!