போர் எங்கே, தம்பி?

"போர் எங்கே, தம்பி? வண்ணமல்லவா கொட்டிக் கிடக்கிறது!" என்று கேட்டேன், கேலியாக. நகைத்தது வகுப்பு. தாளை நான்காக மடித்துப் பையில் செருகிக்கொண்டு அமர்ந்தான் அவன்.

எட்டாம் வகுப்பு மாணவன், தோழர்களே! வீட்டுக் கொல்லையிலுள்ள வைக்கோற்போரை விடியற்பனியில் கண்டு வரைந்து வந்தான். மஞ்சள் தீற்றல் ஒன்று, அதனருகே ஊதாத் தீற்றல், மேலே வெண்மை. அவ்வளவே! கூம்பிய உச்சி இல்லை; பக்கத்தில் மாடு இல்லை. "நிழல் எங்கேனும் ஊதாவாக இருக்குமா?" என்றும் இடித்துரைத்தேன். கலைப் பட்டம் பெற்றவனல்லவா நான், அந்த மிடுக்கு!

பின்னர் ஒருநாள் ஓவிய வரலாற்று நூலொன்றைப் புரட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

1896-ஆம் ஆண்டு. மாஸ்கோ நகரில் பிரெஞ்சு ஓவியக் கண்காட்சி. முப்பதை எட்டும் சட்ட அறிஞர் ஒருவர், ஒரு படத்தின்முன் நிற்கிறார். என்ன படமென்றே விளங்கவில்லை. பட்டியலைப் பார்க்கிறார், வைக்கோற்போர் என்றிருக்கிறது! இவ்வளவு தெளிவின்றித் தீட்ட ஓவியனுக்கு என்ன உரிமை என்று சினம்கூடப் பிறந்ததாம் அவருக்கு. என்னைப் போலத்தான்! ஆனால், என்னைப்போல் சிரித்துவிட்டு அகலவில்லை அவர். பொருள் புலப்படாத படம் நெஞ்சைவிட்டு நீங்க மறுப்பதேன் என்று எண்ணினார். அவ்வாண்டே சட்டத்தைத் துறந்து, ஓவியம் பயில மியூனிக் நகருக்குச் சென்றார். உருவம் களைந்த அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வசிலி காண்டின்ஸ்கிதான் அவர்.

அந்தப் படத்தைத் தீட்டியவர் கிளோத் மோனே. பிரான்சு நாட்டின் ஜிவெர்னி சிற்றூரில், அவர் இல்லத்தருகே கோதுமைக் கதிர்ப்போர்கள் நின்றன. கதிரடிக்கும் பொறி வரும்வரை குவித்து வைக்கப்பட்டவை. 1890, 1891 ஆண்டுகளில் ஏறத்தாழ 25 படங்களில் அவற்றைத் தீட்டினார். போர் அப்படியே நின்றது, ஒளிதான் நிற்கவில்லை. வெளிச்சம் நகர நகர, ஒரு கித்தானை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்தார். 15 படங்கள் 1891 மே திங்களில் பாரிசில் காட்சிக்கு வந்தன. அவ்வரிசைப் படமொன்று 2019-இல் 11 கோடி டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. விலை கிடக்கட்டும்! என்னைச் சுட்டது அப்படங்களில் கிடந்த நிழல். கறுப்பல்ல அது, நீலமும் ஊதாவும்!

காரணமும் எளியதே. கதிரவன் எட்டாத நிழலிலும் நீல வானத்தின் ஒளி விழுகிறது. மஞ்சள் வெயிலை அடுத்துக் காணும் கண்ணுக்கு அது ஊதாவாகத் தோன்றுகிறது. மறுநாள் விடியலில் வயற்புறம் சென்று நானே பார்த்தேன். ஊதாதான்!

கண்ணால் கண்டு, அறிவால் ஆய்ந்து ஏற்றுக்கொள் என்று மேடையேறி முழங்கியவன் நான். கண்டதை வரைந்தவனை, கேட்டதைக் கொண்டு மடக்கிவிட்டேனே! நிழல் கறுப்பென்று எனக்குச் சொன்னது யார்? என் கண்ணா? என் ஆசிரியர், அவருக்கு அவருடைய ஆசிரியர்.

நிலையாமையைப் பேசாத மடமுண்டோ நம் நாட்டில்? உடல் நிலையாது, செல்வம் நிலையாது, ஆகவே உலகை வெறு என்றனர். மோனேயும் கண்டார் நிலையாமையை, கண்ணெதிரே கரையும் ஒளியில். வெறுத்தாரா? இல்லை, விரைந்தார், அடுத்த கித்தானை எடுத்தார்.

மாணவன் வீடு தேடிச் சென்றேன். "நிழல் ஊதாதான், தம்பி. தவறு என்னுடையது" என்றேன். படம் அடுப்புக்குப் போய்விட்டதாம். போரிலும் பாதியை மாடு தின்றிருந்தது. கொண்டுபோன தாளையும் வண்ணத்தையும் நீட்டி, "மறுபடி வரைகிறாயா?" என்று கேட்டேன். என் முகத்தை உற்று நோக்கினான், இன்னொருமுறை சிரிப்பேனோ என்று. பிறகு திரும்பிப் போரைப் பார்த்தான். உச்சிப் பொழுது.

"இப்ப அந்த நெறம் இல்லீங்கய்யா. பொழுது சாயட்டும்" என்றான்.