பத்திரம் கொடுத்த தீவும் எழுத்து கொடுத்த பள்ளியும்



எங்கள் பள்ளி நூலகச் சுவரில் பழைய உலக வரைபடம் ஒன்று தொங்குகிறது. ஓரங்கள் கிழிந்து, ஒட்டுத்தாளின் தயவில் நிற்கும் படம். ஒருநாள் ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதன் முன் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தான். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலையில், மடகாஸ்கருக்குப் பக்கத்தில், ஒரு சிறு புள்ளியின் மேல் விரலை வைத்திருந்தான். அதனருகே 'ரியூனியன்' என்ற பெயரும் அடைப்புக்குறிக்குள் 'பிரான்சு' என்ற பெயரும் மலாய் மொழியில் அச்சிடப்பட்டிருந்தன.

"சார், பிரான்சு ஐரோப்பாவுலதானே இருக்கு? இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லப் போய்த்தான், பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு எனக்கு ஒரு பொருள் கிடைத்தது. அந்தப் பேச்சு நான் நினைத்தபடி முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அத்தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரியூனியனின் பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். நம் கெடா மாநிலத்தின் கால் பங்கைவிடச் சற்றே பெரியது. மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சம். எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து உருவாக்கிய தீவு அது. குருணில் இருக்கும் நமக்குக் கண்ணைத் திறந்தால் ஜெராய் மலைதான் தெரியும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். அதையே நாம் அண்ணாந்து பார்க்கிறோம். ரியூனியனின் நடுவே நிற்கும் பித்தோன் தெ நேஜ் என்னும் மலையோ ஏறத்தாழ 3,070 மீட்டர். அதனருகில் உள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் அடிக்கடி நெருப்புக் கக்கும் எரிமலை. சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்னும் மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் நடுமலையைச் சுற்றிக் கிண்ணங்கள்போல் அமைந்துள்ளன. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். 1966ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு புயலின்போது இத்தீவின் மலைப்பகுதியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலகச் சாதனையாகப் பதிவான மழை அது.

ஆட்சிமுறை நம் மாணவர்களுக்கு வியப்பூட்டக்கூடியது. பாரிசிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் ரியூனியன் இன்று பிரான்சின் குடியேற்ற நாடு அன்று. 1946ஆம் ஆண்டு மார்ச்சு 19இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது பிரான்சின் ஒரு மாவட்டம். அரசின் பேராளராக ஓர் ஆட்சியர் பாரிசிலிருந்து நியமிக்கப்படுகிறார். தலைநகர் சேன் தெனி. தீவில் 24 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். அதே நிலப்பரப்புக்கே மாவட்ட மன்றம் ஒன்றும் வட்டார மன்றம் ஒன்றுமாக இரண்டு மன்றங்கள் உள்ளன. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு 7 உறுப்பினர்களையும் மேலவைக்கு 4 பேரையும் தீவு மக்கள் அனுப்புகிறார்கள். அதிபர் தேர்தலிலும் வாக்களிக்கிறார்கள். நாணயம் யூரோ. 2002ஆம் ஆண்டு புத்தாண்டு நள்ளிரவில், கிழக்கே இருப்பதால் பாரிசுக்கு முன்பாகவே யூரோ தாளும் காசும் அங்கே புழங்கத் தொடங்கின.

"அங்கு ஆட்கள் எப்படி சார் போனாங்க?" என்று மாணவன் அடுத்துக் கேட்டான்.

17ஆம் நூற்றாண்டு வரை அங்கு நிலையான குடிகள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு கரும்புத் தோட்டம். எட்மோண்ட் என்ற அடிமைச் சிறுவன் 1841இல், பன்னிரண்டு வயதில், வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். நம் ஆறாம் ஆண்டு மாணவனின் வயது! உலகெங்கும் வனிலாப் பயிர் பரவியது அந்தச் சிறுவனின் விரல்களால்தான். ஆனால் அவனுக்குக் குடும்பப் பெயர்கூட இல்லை. 1848 டிசம்பர் 20இல் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையான காலத்தில்தான் 'அல்பியஸ்' என்ற பெயர் அவனுக்கு வழங்கப்பட்டது.

அடிமைகள் விடுதலையானதும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

புதுச்சேரியும் காரைக்காலும் அன்று பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த துறைமுகங்கள். அங்கிருந்து தமிழர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பல் ஏறினார்கள். 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்பாடுகளால் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள்கட்ட வழி பிறந்தது. தொழிலாளர்கள் படும் பாட்டைக் காரணம் காட்டி 1882இல் பிரிட்டிஷ் அரசு அதனை நிறுத்தியது. அதற்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அத்தீவில் இறங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் தமிழர். இறங்கியவர்களை நோய் அச்சத்தால் தனிமைப்படுத்தி வைத்த கட்டடங்கள் கிராந்து சலூப் என்னும் இடத்தில் இன்றும் நிற்கின்றன.

காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பிற்காலத்தில் கெடாவின் பால்மரக் காடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். காரைக்காலில் ஏறியவர்கள் ரியூனியன் போனார்கள். ஒரே ஊர் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு ஆள்கட்டியிடம் சிக்கி, ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் போயிருக்கக் கூடும். இதை நினைக்கும்போது அந்த வரைபடப் புள்ளி எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

அந்தத் தம்பியின் வழிவந்தோர் இன்று 'மல்பார்' என்று அழைக்கப்படுகிறார்கள். பிரான்சில் இனவாரியாகக் கணக்கெடுக்கும் வழக்கம் இல்லை. எனினும் தீவு மக்களில் நால்வரில் ஒருவர் இந்திய வழிவந்தவர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்கள் தெய்வத்தை விடவில்லை. தீமிதி நடக்கிறது; தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள்; திரௌபதியம்மனைப் 'பாந்தியாலே' என்று கொண்டாடுகிறார்கள். சேன் ஆந்த்ரே நகரில் தீபாவளி பெருவிழாவாக நடைபெறுகிறது. சமையற்கட்டும் தமிழை விடவில்லை. கறிவேப்பிலை அங்கே 'கலுப்பிலே'. ஆட்டுக்கறி மசாலா 'கப்ரி மசாலே'. நாடகத்தை 'நார்ல்கோன்' என்கிறார்கள். அது நம் தெருக்கூத்துதான். கோயில் 'கொய்லு', பூசாரி 'புசாரி'.

ஆனால் பேச்சு போயிற்று. வீட்டிலும் வீதியிலும் கிரியோல். பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. கோயிலில் ஓதும் தமிழ் வழிபாட்டை உரோமன் எழுத்தில் எழுதி வைத்து, பொருள் விளங்காமலே வாசித்தவர்கள் உண்டு. பெயரும் பாதிதான் மிஞ்சியது. கப்பலில் வந்த பாட்டனின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிவேடு உறைய வைத்துவிட்டது. பிள்ளைக்குச் சூட்டும் பெயர் பிரெஞ்சுப் பெயராயிற்று. 1803இல் வந்த ஒரு சட்டம் நாட்காட்டியில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்று மாந்தர் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு இட அனுமதித்தது. 1993இல்தான் அக்கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. சேன் ஆந்த்ரேயில் பல்லாண்டுகள் மேயராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் மேலவை உறுப்பினராகவும் இருந்தவர் ழான்-போல் விராபுல்லே. அப்பெயரின் பின்பாதியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'வீரப்பிள்ளை' என் காதில் விழுகிறது. பிரான்சின் பிற கடல்கடந்த மாவட்டங்கள் சில துறைகளில் தமக்கெனத் தனி விதி வகுத்துக்கொள்ளலாம், ரியூனியன் மட்டும் கூடாது என்று 2003இல் பிரெஞ்சு அரசியலமைப்பில் ஒரு வரி சேர்ந்தது. அவ்வரிக்குக் காரணமானவர் இவரே. பிரான்சோடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும் என்று விரும்பியவர் ஒரு தமிழ்ப் பாட்டனின் பேரர்!

ஏன் மொழி போயிற்று? பக்கத்துத் தீவான மொரீசியசில் பணத்தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. அங்கு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம். ரியூனியனில் தமிழ்ப்பள்ளி என்ற ஒன்றே எழவில்லை. பிற்காலத்தில் சங்கங்கள் வகுப்பு நடத்தின. மேல்நிலைப்பள்ளியில் விருப்பப் பாடமாகவும் தமிழ் வந்தது. ஆனால் தாய்மடியிலிருந்து நழுவிய மொழியைப் பதினைந்து வயதில் பிடிப்பது எளிதன்று.

இதைத்தான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். "மலேசியாவில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் குறைந்து வருகிறார்கள். உங்கள் பிள்ளையை இங்கே அனுப்பாவிட்டால் நாமும் ஒருநாள் ரியூனியன் ஆவோம்" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். எனக்கும் மனநிறைவாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் மட்டும் வாசலில் நின்றார். அந்த வரைபட மாணவனின் தாய்.

"சார், அந்தத் தீவுல பொறந்த பிள்ளைங்களுக்கெல்லாம் பத்திரம் குடுத்துட்டாங்களா?" என்றார்.

என்னால் உடனே பேச முடியவில்லை. ஆம், கொடுத்துவிட்டார்கள். 1889ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அங்குப் பிறந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற வழி திறந்தது. இன்று அவர்களுக்கு வாக்கு உண்டு, மருத்துவக் காப்புறுதி உண்டு, பாரிசில் போய் வேலை செய்ய உரிமை உண்டு. விலைவாசியும் வேலையின்மையும் அங்கே பெருங்குறைகளே. ஆயினும் தான் எந்த நாட்டுக்காரன் என்று அங்குள்ள மல்பார் பிள்ளை யாரிடமும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

நம் மாணவனுக்கோ பிறப்புப் பத்திரம் இல்லை. அவன் பாட்டி தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையால் பிறந்தவர். யாரும் போய்ப் பதியவில்லை. அதனால் தாயின் பத்திரம் சிக்கலாயிற்று. கோயிலில் நடந்த திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யவில்லை. அதனால் மகனின் பத்திரம் சிக்கலாயிற்று. மூன்று தலைமுறையாக ஒரே முடிச்சு. அவன் எங்கள் பள்ளியில் பிழையில்லாமல் தமிழ் எழுதுபவன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று என்னையே திருத்தியிருக்கிறான். தன் பெயரை அழகாக எழுதுவான். அந்தப் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை.

நான் மேடையில் ஒரு கதையின் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். அந்தத் தாய் மறுபாதியைக் கேட்டார். பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு அதை எழுதும் எழுத்து மறந்துபோயிற்று. எழுத்துத் தெரிந்த இவனுக்குப் பதிவேட்டில் இடமில்லை. இரண்டும் இழப்புதான். எது பெரிது என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு மனமில்லை.

மறுவாரமே அந்தத் தாயுடன் நானும் அலுவலகம் சென்றேன். பழைய தோட்டத்துக் கிராணியாரின் உறுதிமொழிக் கடிதம், பாட்டியை அறிந்த முதியவர் ஒருவரின் வாக்குமூலம், பள்ளிப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை. சில நாள் பேருந்தைத் தவறவிட்டு வெயிலில் நின்றிருக்கிறோம். ஆனால் கோப்பு திறக்கப்பட்டுவிட்டது.

ஆசிரிய நண்பர்களே, முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிள்ளையின் பத்திரத்தை மட்டும் பாராமல் தாய் தந்தையர் பத்திரங்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறை இருந்தால் ஆறாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். பெற்றோர்களே, குழந்தை பிறந்தால் 60 நாள்களுக்குள் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். அதே கையோடு அந்தக் குழந்தையைத் தமிழ்ப்பள்ளிக்கும் அனுப்புங்கள். காரைக்காலில் பிரிந்த தம்பிக்கும் நாகையில் ஏறிய அண்ணனுக்கும் ஒருசேர வாய்க்காத இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியும்.

நேற்று அவன் மீண்டும் வரைபடத்தின் முன் நின்றான். இம்முறை அவன் விரல் கெடாவின் மேல் இருந்தது. "சார், குருண் இதுல இல்லையே?" என்றான். பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். ஜெராய் இருக்க வேண்டிய இடத்தருகே ஒரு புள்ளி வைத்து, 'குருண்' என்று தமிழில் எழுதினான். அதன் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'மலேசியா' என்றும் எழுதினான்.