கருப்பனின் உள்ளங்கால்

ஆறு வருடத்துக்கு முந்தைய மே மாதம் அது. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வீடு திரும்பியபோது மணி பத்து. என் நாய் கருப்பன் வாசற்படியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். விடியற்காலை நடை தவறிப்போன ஏக்கம் கண்ணில் தெரிந்தது. பாவமாக இருந்தது. சங்கிலியை எடுத்தேன்.

அன்று நான் செய்தது அன்பினால் செய்த தவறு. அதற்காக அது சின்னத் தவறாகிவிடாது.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே என் வீடு. வாய்க்காலைத் தாண்டி, துமா வீதியில் நடந்து, கடற்கரைச் சாலையில் துய்ப்ளே சிலைப் பக்கம் ஏறினோம். அங்கிருந்து வடக்கே காந்தி சிலையை நோக்கி நடந்தோம். ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பாதி தூரத்தில் கருப்பன் முன்னங்காலைத் தூக்கினான். நான்கு அடி நடந்து இன்னொரு காலைத் தூக்கினான். காந்தி சிலையைச் சுற்றி, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன அல்லவா? அதில் ஒரு தூணின் நிழல் ஒரு முழம் விழுந்திருந்தது. என்னை இழுத்துக்கொண்டு அந்த ஒரு முழ நிழலுக்கு ஓடிப்போய்ப் படுத்துவிட்டான். நான் சங்கிலியைச் சுண்டினேன். “எழுந்திருடா, வீட்டுக்குப் போகலாம்” என்று அதட்டினேன். எழவில்லை. மறுபடியும் இழுத்தேன்.

குடை விரித்து நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏங்க ஐயா, செருப்பக் கழட்டிட்டு ஒரு நிமிசம் நில்லுங்க பாப்போம்” என்றார்.

கழற்றினேன். ஐந்து எண்ணும்வரைகூட நிற்க முடியவில்லை.

அந்த அம்மா தன் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கருப்பனின் நாலு காலிலும் ஊற்றினார். பிறகு ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் போனோம். இரண்டு முன்னங்கால்களிலும் உள்ளங்கால் சதையின் மேல்தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. பத்து நாள் கட்டு. அந்தப் பத்து நாளும் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்த்தான் கொல்லையில் விட்டேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். செருப்பு போட்டவனுக்கு வெயிலிலும் முழுதாகத் தெரிவதில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கவும், மருத்துவர்களைக் கேட்கவும் ஆரம்பித்தேன். நல்ல வெயிலில் காற்றின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே தார்ச்சாலையின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். 60 டிகிரி சூட்டில் சில நொடிகள் போதும், தோல் வெந்துவிடும். நாம் வானிலைச் செய்தியில் கேட்கும் எண் காற்றின் எண். நாயின் கால் அறிவது தரையின் எண். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எழுபதை நெருங்கும் வயதுவரை எனக்குத் தெரியாது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாயின் ஈரம் காற்றில் ஆவியானால்தான் உடம்பு குளிரும். புதுச்சேரி கடலோர ஊர். காற்றே ஈரமாக இருக்கும்போது வாயின் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால் உள்நாட்டு ஊர்களைவிட வெப்பமானி இரண்டு டிகிரி குறைவாகக் காட்டினாலும், இங்கே நாய்க்குப் பாடு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பு ரோமம் வெயிலை இன்னும் இழுக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழியே குறுகல். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை இந்த ஊர் வெயிலில் நடத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. கடிக்காமலிருக்க வாயை இறுக்கிக் கட்டிவிட்டு நடத்துவதும் அப்படித்தான். அது மூச்சு வாங்கும் வழியையே அடைப்பது. கூடை போன்ற, வாய் திறக்க இடமுள்ள மூடியாக இருந்தால் மட்டுமே போடலாம்.

கடற்கரைச் சாலையின் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. சாலை கிழக்கே பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழுந்த நிமிடத்திலிருந்து நேராகத் தரையில் அடிக்கிறது, மரநிழலும் குறைவு. மாலையில் மேற்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் சாலையில் சாய்ந்துவிடும். நிழல் வந்துவிட்டதே என்று ஐந்து மணிக்கே இறங்கிவிடக் கூடாது, பகலெல்லாம் குடித்த சூட்டைக் கல்லும் சிமெண்டும் மெதுவாகத்தான் விடும். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்குத் தடை என்பது நமக்கு வசதி. கோடையில் நான் அந்த நேரத்தின் இரு ஓரங்களையும் வெட்டிவிடுகிறேன். காலையில் ஐந்தரைக்குப் போய் ஆறரைக்குள் வீடு, மாலையில் ஏழுக்குப் பிறகு. கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுவேன். கை தாங்கவில்லையென்றால் அன்றைக்கு நடை இல்லை, கொல்லைப்புறம்தான்.

என் சிறு வயதில் இந்தக் கரையில் மணல் இருந்தது. நாய்கள் சூடு தாங்காவிட்டால் ஈர மணலுக்கு இறங்கிவிடும். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகம் கட்டியபின் மணல் வடக்கே நகர்ந்து வருவது தடைப்பட்டு, கடல் கரையை அரித்தது. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். தடுப்பு அமைப்பு போட்டபின் ஒரு பகுதியில் இப்போது மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் பெரும்பகுதியில் இறங்க வழி அந்தக் கருங்கல்தான், அதன் சூடு சாலையின் சூட்டைவிடக் குறைந்ததில்லை. தாகத்தில் நாய் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியுமாகிவிடும். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சின்னக் கிண்ணமும் இல்லாமல் நான் படி இறங்குவதில்லை.

நாயின் உடல் வெப்பம் இயல்பிலேயே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஓயாத இளைப்பு, கெட்டியான எச்சில், ஈறு கடும் சிவப்பாவது, தள்ளாட்டம், வாந்தி: இவற்றில் எதைக் கண்டாலும் நடை அங்கேயே முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் காலிலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஐஸ் தேடி ஓடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். முதலில் குளிர்வித்து, பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குரும்பாபேட்டில் நம் ஊருக்கென்றே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னும் சில உண்டு. இரும்புச் சங்கிலி வெயிலில் காய்ந்து கழுத்தைச் சுடும், நான் துணிக் கயிற்றுக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு வீதிக்கும் சொந்தக்கார நாய்கள் உண்டு. அவை குரைத்தால் ஓடாமல், கல்லெடுக்காமல், நம் நாயைக் காலருகே வைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுவருவதை நான் ஒப்பமாட்டேன். இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில்தான், 1885 ஜூலையில், பாரிஸில் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல்முறையாக அந்த ஊசியைப் போடச் செய்தார். இத்தனை வருடம் கழித்தும் அலட்சியத்தால் ஒரு குழந்தை சாகக் கூடாது.

கருப்பனுக்குக் கட்டுப் போட்டிருந்த நாட்களில் ஓர் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காட்சி வந்து நின்றது. பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் இளம் ஆசிரியன். ஏப்ரல் மாதம் காலை வணக்கக் கூட்டம் நீண்டுபோயிருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டே இருந்தான். “அசையாமல் நில்” என்று அதட்டினேன். மறுபடியும் காலை மாற்றினான். தொடையில் ஓர் அடி வைத்தேன். அவன் அழவில்லை, இரண்டு காலையும் ஊன்றி நின்றான். அவன் காலில் செருப்பு இல்லை. தரை சிமெண்ட். அதை அன்று நான் பார்க்கவே இல்லை. பார்த்தது ஒழுங்கீனத்தை மட்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நுங்கு விற்ற அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது, படித்து வாத்தியார் வேலை பார்த்த எனக்குத் தெரியவில்லை. கூட வருகிறவன் நின்றால் இழுப்பதும் அதட்டுவதும்தான் என் கைக்கு முதலில் வந்திருக்கிறது. ஏன் நின்றான் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் கருப்பனால்தான் வந்தது. மனைவியிடத்திலும் பேத்தியிடத்திலும்கூட அதற்குப் பிறகுதான்.

இப்போது பகலில் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் நான் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போவதில்லை, வைசியாள் வீதிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே பழைய தமிழ் வீடுகளின் முன்னால் தெருவை நோக்கித் தாழ்வாரம் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். மரத்தூண், ஓட்டுக்கூரை, உள்ளே திண்ணை. யாரென்றே தெரியாத வழிப்போக்கனுக்காக வீட்டுக்காரன் தன் செலவில் போட்ட நிழல் அது. அந்த வீதியைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. கருப்பனுக்கு விருது தெரியாது. தாழ்வாரத்தின் குளிர்ந்த தரை தெரியும், அங்கே போனதும் நாலு காலையும் நீட்டிப் படுத்துவிடுகிறான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. முன்போல் நடக்க முடிவதில்லை. போகிற வழியில் அவன் எந்த நிழலில் நின்றாலும் நானும் நிற்கிறேன்.

வெயில் காலம் வந்தால் உங்கள் வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். தாழ்வாரமோ திண்ணையோ இருக்கும் வீட்டுக்காரர்கள், அதன் கீழே வந்து படுக்கும் நாயை உச்சி வேளையில் விரட்டாதீர்கள்.