தரங்கம்பாடி ரயில் போன தடம்

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிக்கு இன்று நடந்தே போனேன். தார்ச்சாலையை விட்டு, வயல்களுக்கு நடுவே கிடக்கும் பழைய ரயில்பாதை மேட்டைத் தேடித்தேடி நடந்தேன்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வழிநெடுக நிலையங்கள். 1980களில் நிறுத்திவிட்டார்கள். சில இடங்களில் அந்த மேடு முள்ளுக்குள் மறைந்துவிட்டது. சில இடங்களில் இன்னமும் வயலைவிட உயரமாக நெஞ்சு நிமிர்த்திக் கிடக்கிறது.

தில்லையாடியில் ஒரு டீக்கடைப் பெரியவர், "எங்க ஊரு புள்ளைங்க காலேஜுக்குப் போனதே அந்த ரயில்லதான் தம்பி" என்றார். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர் இது. அவர் நினைவு மண்டபத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தேன்.

பொறையார் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை. தரங்கம்பாடி நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜா வீதி. டேனியர் 1620இல் எழுப்பிய கோட்டையும், மதபோதகர் சீகன்பால்கு காலத்தில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் அங்கேதான். அவற்றை நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

அதே அக்கறை இந்த ரயில் தடத்துக்கும் வேண்டும். மறுபடி ரயில் வந்தால் மகிழ்ச்சி. அதுவரை முள்ளை வெட்டி, மரம் நட்டு, இதை நடைபாதையாகவாவது ஆக்கலாம். அந்த ரயிலில் போனவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நினைவுகளை எழுதுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரால் சொல்ல முடியும்?